ராத்திரி இல்லாத தக்காளிகள்

1

மதியத்துக்குள் பாட்டரி நிறைந்துவிடுகிறது. அந்த எரிச்சலில்தான் இந்தக் கதை பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செடிகள்மேல் உள்ள பிரியத்தில் எழுதியது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முதல் தொடக்கம்: ‘மொட்டைமாடியில் வெயில்...’ வேண்டாம். வெயிலை வர்ணிக்கப் போனால் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: ‘மனைவி இறந்த பிறகு அவன்...’ இதுவும் வேண்டாம். [ஆனால் செய்தி அதுதான். மேலே போவோம்.]

2

அவளுக்கு ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டது. கரண்ட் போனால் அது நின்றுவிடும். அதனால் அவன் மாடியில் சோலார் பேனல் போட்டான். கீழே பெரிய பாட்டரி வைத்தான். அதன்பின் எத்தனையோ முறை கரண்ட் போனது. மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவள்தான்

[விட்டுவிடுகிறேன்.]

வாடகை மெஷினைத் திருப்பி எடுத்துப்போனார்கள். வெயிலுக்கு விஷயம் தெரியாது. தினமும் வந்து பாட்டரியை நிரப்பியது. ‘நிறைந்துவிட்டது’ என்று பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் அவனுக்கு வீட்டில் உட்காரவே முடியவில்லை. செடி வளர்க்கும் ஊதா விளக்குகள் வாங்கினான். மெஷின் ஓடிய அதே சுவிட்சில் மாட்டினான். கட்டில் இருந்த இடத்தில் தக்காளித் தொட்டிகள்.*

* ஏன் தக்காளி? கடையில் கைக்கு எட்டியது அந்த விதைதான். பெரிய காரணம் தேடாதீர்கள்.

3

மச்சினி முதல் வரைவில் இல்லை. அவள் இல்லாமல் கதை ஊமையாக இருந்தது. இப்போது கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறாள். எப்போதும் அப்படித்தான்.

“என்ன அத்தான், ஊதா லைட்டப் போட்டு உள்ள சர்க்கஸ் நடத்துறீங்களான்னு பக்கத்து வீட்ல கேக்குறாங்க.”

“செடி.”

“மாடியில வெயில் கொட்டுது. அதப் பிடிச்சு, ஒயர்ல இறக்கி, பாட்டரில அடைச்சு, மறுபடியும் விளக்கா எரிய விடுறீங்க. தொட்டிய மாடிக்குத் தூக்கிட்டுப் போனா கை ஒடிஞ்சிடுமா?”

“மாடியில இடமில்ல.”

“ஏன்?”

“பேனல் இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் யாரும் சிரித்து வெகுநாளாயிற்று. பிறகு குனிந்து ஓர் இலையைத் தொட்டாள்.

“ஏன் எல்லாம் சுருண்டு கிடக்கு? லைட்ட எப்ப ஆஃப் பண்ணுவீங்க?”

“பண்றதில்ல.”

“ராத்திரியும்?”

“பாட்டரி தாங்கும்.”

“பாட்டரி தாங்கும் சரி, செடி தாங்குமா? அதுங்க தூங்க வேணாமா? இப்படியே விட்டா ஒண்ணுகூடப் பிழைக்காது. இதென்ன அக்காவோட மெ...”

[இது நான் விட்ட வாக்கியமல்ல. அவளே விட்டது.]

கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனாள். அதன்மேல் ஒரு வெள்ளை பிளாஸ்டர். யாரும் தெரியாமல் தட்டிவிடக் கூடாதென்று மெஷின் ஓடிய நாட்களில் மச்சினியே ஒட்டியது. ‘தொடாதே’ என்று அவள் கையெழுத்து. கை திரும்பி வந்தது.

“நீங்க பண்ணுங்க அத்தான்.”

“நீ ஒட்டினது. நீ எடு.”

“முடியாது, போங்க.”

4

முடிவு ஒன்று: அவன் பிளாஸ்டரை உரிக்கிறான். இருட்டு. காலையில் இலைகள் விரிந்திருக்கின்றன. அழகாக இருந்தது; கிழித்துப் போட்டேன். ஒரே ராத்திரியில் தேறிய எதையும் நான் பார்த்ததில்லை.

முடிவு இரண்டு: விடாத மழை. பாட்டரி தானாகத் தீர்கிறது. யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

எழுத முடிந்தது இவ்வளவுதான்: இருவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகமெல்லாம் ஊதா. ஒரு செடியில் மட்டும் மஞ்சளாக ஒரு பூ. காம்பு வதங்க ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டரின் ஒரு முனை நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பியிருக்கிறது.

இதற்குமேல் எனக்கு வரவில்லை. நீங்கள் ஏதோ ஒரு விளக்கின் கீழ் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். முடித்ததும் அதை நிறுத்துவீர்கள். யோசிக்கக்கூட மாட்டீர்கள், உங்களுக்கு அது பழக்கம். இன்று நிறுத்தும்போது இந்த அறைக்கும் சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துகொள்கிறோம்.