தண்டவாள மேட்டுக் கீரை

குளிர் விட்டதுமே இஸ்திரிக்காரம்மாவுக்குக் கால் வீட்டில் தங்காது. தண்டவாளத்தை ஒட்டிய மேட்டில் கசப்புக் கீரை தானாக முளைத்துக் கிடக்கும். நுனியை மட்டும் கிள்ளுவாள், வேரில் கை வைக்கமாட்டாள். முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு வதக்கினால் அந்தக் கசப்புக்கு நாக்கு ஏங்கும். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கிண்ணம் போகும், மாடியில் இருக்கும் மகன் வீட்டைத் தவிர. அவளைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவன் அவன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீம்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மகனுக்குத் தண்டவாளத்தோரம் களைமருந்து அடிக்கும் வேலை. பாதை நெடுகக் கருகினாலும் அவள் மேடு மட்டும் வருஷா வருஷம் பச்சைப்பசேலென்று நிற்கும். எல்லாம் தன் கைராசி என்று பீற்றிக்கொள்வாள்.

போன வாரம் மருமகள் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள்.

"அத்தை, மசக்கையில எது சாப்பிட்டாலும் குமட்டுது. உங்க கீரை வாசனை மட்டும்தான் பிடிக்குது. ஒரு வாய் குடுங்களேன்."

"அது களைதானேம்மா? களைக்கு மருந்தடிக்கிறவன்தானே உன் புருஷன், அவனையே கேளு."

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் காலிக் கிண்ணத்தோடு படியேறியது கண்ணை விட்டுப் போகவில்லை. பிள்ளைத்தாச்சி வாய்விட்டுக் கேட்டும் இல்லையென்றோமே என்று வாரம் முழுக்க மனசு அரித்தது. வீம்பை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மேடு முழுக்க மஞ்சள் பாய்ந்து சுருண்டு கிடந்தது.

மகனோடு வேலை பார்க்கும் நெட்டையன் சற்றுத் தள்ளி மருந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

"உன் பையன்தான் பெரியம்மா. வருஷா வருஷம் இங்க வந்ததும் குழாயை மூடிடுவான். 'எங்கம்மா பறிக்கிற இடம், தொடாதே'ம்பான். மேஸ்திரிகிட்ட அதுக்குத் திட்டும் வாங்குவான். இந்தத் தடவ நான் மூடப் போனேன். 'களைதானேடா'ன்னு குழாயைப் பிடுங்கி அவனே அடிச்சான்."

கைராசியாம் கைராசி! அவளுக்கு உடம்பே கூசியது.

வெறுங்கூடையோடு முதல்முறையாக அந்த மாடிப்படி ஏறினாள். மருமகள் கதவைத் திறந்தாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கீரை கெட்டுப்போச்சும்மா. வேற எங்கயாவது தேடிப் பறிச்சுட்டு வரேன்."

"வேண்டாம் அத்தை," என்றாள் மருமகள், மரியாதையாகவே. "அந்த ஆசையெல்லாம் விட்டுப்போச்சு."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.