ஆய்வாளர் வீட்டுக் குமிழ்

சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவளுக்குக் கை போனால் எல்லாம் போன மாதிரிதான். கட்டிங் அக்கா என்று பட்டறையே கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தாறாவது வயதில் அது போகத் தொடங்கியது. முதலில் விரல் கணுக்கள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, அதற்குப் பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் இரண்டு கையும் யாரிடமோ இரவல் வாங்கி வந்தது போல இருக்கும். சொன்ன பேச்சு கேட்காது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். மருத்துவர் முடக்குவாதம் என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இன்னைக்குக் கூடும், நாளைக்குக் குறையும், மறுநாள் திரும்பக் கூடும். இதோட பழகிக்கணும்மா" என்றார்.

பட்டறை முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவள் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டுவதை ஒருநாள் பார்த்தார். மறுநாள் மின்சாரத்தில் ஓடும் வெட்டுக் கருவி ஒன்றை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "துணி வீணாகுது" என்று முறைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்தக் கஞ்சனுக்கு ஒரே ராத்திரியில் விளங்கியது, அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு விளங்க ஐந்து மாதம் பிடித்தது. அப்போதும் விளங்கியதா என்பது சந்தேகமே.

வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழ்வீட்டில் கட்டிங் அக்காவும் அவள் நாத்தனாரும் குடியிருந்தார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணியை விட்டுப் போகாமல் கூடவே தங்கிவிட்டவள் இந்த நாத்தனார். பேருந்து நடத்துநர். இவளுக்கு மட்டும் விசில் தேவையில்லை, வாயே போதும் என்று டிப்போவில் பேர் வாங்கியவள்.

வீடு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கதவிலும் உருண்டையாக, வழவழவென்று ஒரு பித்தளைக் குமிழ். அதை இறுக்கிப் பிடித்துத் திருகினால்தான் கதவு திறக்கும். தண்ணீர்க் குழாயும் திருகுகிற ரகம். குளியலறையில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. வாசலில் நாலு படி. பக்கத்தில் ஒரு கம்பி கூட இல்லை.

கட்டிங் அக்கா கடிதம் எழுதினாள். குமிழுக்குப் பதில் நீளமான கைப்பிடி, குளியலறைச் சுவரில் ஒரு பிடிகம்பி, தூக்கினால் திறக்கும் குழாய், வாசல் படிக்கு ஒரு கம்பி. வீட்டுக்குள் வேண்டியதைத் தானே வாங்கி மாட்டிக்கொள்வதாகவும், அனுமதி மட்டும் போதும் என்றும் பணிவாக எழுதியிருந்தாள்.

மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு. 'நீள கைப்பிடி' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் ஒரு வட்டம். நடுவில் பெரிதாக ஒரு 'க்'. அடியில் முத்து முத்தான கையெழுத்தில்: 'கருத்துத் தெளிவு. சந்திப் பிழைகள் நான்கு. நேரில் பேசலாம்.'

நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மார்க்கு எங்க அண்ணி? போட மறந்துட்டாரா?"

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். நாற்காலியைத் துடைக்கச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் கதவின் குமிழை இரண்டு விரலால் திருப்பிக் காட்டினார். ஒரு முறை அல்ல, நாலு முறை.

"பாருங்கம்மா. ரெண்டு விரல் போதும். எனக்கு எழுபத்திரண்டு வயசு."

"உங்க விரலுக்குத் திரும்புது சார். என் விரலுக்குத் திரும்பல."

"வியாழக்கிழமை நீங்க காய்கறிப் பையைத் தூக்கிட்டு வந்ததை மாடியிலிருந்து பார்த்தேனே?"

"அன்னைக்கு முடிஞ்சது சார்."

"அன்னைக்கு முடிஞ்சது இன்னைக்கு எப்படி முடியாமப் போகும்?" வாய்ப்பாடு மறந்த பிள்ளையைக் கேட்கிற குரல்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "வியாழக்கிழமை மழை பெஞ்சுதே, இன்னைக்கு ஏன் பெய்யலன்னு வானத்தைக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா சார்?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிவுரைக்குத் தாவினார். ரப்பர் பந்தை அமுக்கினால் விரல் இளகுமாம். செம்பு வளையல் போட்டால் வீக்கம் வடியுமாம். பாதி நோய் மனசில்தான் இருக்கிறதாம். சுவரில் துளை போட்டால் அதில் பதித்த ஓடு விரிசல் விடும், வீட்டின் மூல அமைப்பு கெட்டுவிடும். கடைசியாக ஒரு யோசனையும் வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய சூத்திரம் கண்டுபிடித்த களை.

"கதவைச் சாத்தினாத்தானே திறக்கணும்? சாத்தாம விட்டுடுங்க. ரெண்டு பேரும் பெண்கள்தானே வீட்டில?"

"குளியலறைக் கதவையுமா சார்?"

"அதான் சொல்றேன்."

கட்டிங் அக்காவுக்குச் சிரிப்பதா, இருக்கிற ஒரு நாற்காலியையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா என்று தெரியவில்லை. மருத்துவர் சான்றிதழ் வாங்கி இரண்டாவது கடிதம் கொடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. சான்றிதழின் பின்பக்கத்தில், 'நிரந்தரமாக என்ற சொல் இதில் இல்லை. குணமாகும்வரை பொறுக்கலாமே' என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்துக்குச் சிவப்பு மை கூட வரவில்லை.

நாலாவது மாதத்தில் அது நடந்தது. நாத்தனார் விடியலில் வேலைக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்குக் குளிக்கப் போன கட்டிங் அக்கா, பழக்க தோஷத்தில் குமிழின் நடுப் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டாள். குளித்து முடித்து, உடை மாற்றித் திறக்கப் பார்த்தால் குமிழ் அசையவில்லை. ஈரக் கை வழுக்கியது. துண்டைச் சுற்றிப் பிடித்தாள். மணிக்கட்டில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு வலி. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்தினாள். முழங்கையால் முட்டினாள். பல்லால் கடித்துத் திருப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது; தோன்றியதற்கே அவமானமாக இருந்தது. பிறகு மேல் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆய்வாளர் மாற்றுச் சாவிக் கொத்தோடு வாசல் கதவைத் திறந்து உள்ளே வந்தார். வந்தவர் குளியலறைக் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று பாடம் நடத்தினார்.

"பதறக் கூடாது. இடது பக்கமா, மெதுவா திருப்புங்க."

"முடியல சார். சாவி இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்களே முயற்சி பண்ணினாத்தான் பழக்கம் வரும். எங்க, இன்னொரு தடவை."

உள்ளே ஈரத் தரையில் நின்றவளுக்கு வலியைவிட மானம் அதிகமாக எரிந்தது. கடைசியில் அவர் சாவியைப் போட்டுத் திறந்தார். குமிழைப் பெருமையோடு தட்டிக் கொடுத்தார்.

"பார்த்தீங்களா? குமிழ்ல ஒரு கோளாறும் இல்ல."

"இல்ல சார்" என்றாள் கட்டிங் அக்கா. "கோளாறு குமிழ்ல இல்ல." அன்று பட்டறைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நேரே வாடகைத் தீர்ப்பாய அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தாள். இந்த முறை சந்தியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

விசாரணைக்கு நாத்தனாரும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். குறுகலான அறை, ஒரு நீள மேசை, சத்தம் போடும் மின்விசிறி. விசாரித்த அதிகாரி சளி பிடித்த ஒரு பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்கவே அலுப்பாக இருந்தது அவருக்கு. ஆய்வாளர் தேய்த்த சட்டையும் தடித்த கோப்புமாக வந்து, வீட்டின் மூல அமைப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே கடிதங்களைப் புரட்டினார். சட்டென்று கை நின்றது.

"இந்தச் சிவப்பு மை யாரோடது?"

"என்னுடையது. மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு."

"சரி. கோரிக்கைக்கு என்ன பதில் எழுதியிருக்கீங்க?"

ஆய்வாளர் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். முப்பது வருஷம் அடுத்தவர் நோட்டில் விடை தேடியவர், முதல் முறையாகத் தன் நோட்டில் தேடினார்.

"எழுத்தில் இல்ல. நேரில் ஆலோசனை சொன்னேன்."

"என்ன ஆலோசனை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்துவிட்டாள். கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில், "குளியலறைக் கதவைத் திறந்து வச்சுட்டுக் குளிக்கச் சொன்னாரும்மா" என்றாள்.

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு ஆய்வாளரை நன்றாக ஒரு பார்வை பார்த்தார். அதிகாரி தும்மினாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. கைக்குட்டையை எடுத்தபோது முகம் பழையபடி இருந்தது. வீட்டுக்குள் கேட்ட மூன்றையும் குடியிருப்பவர் மாட்டிக்கொள்ளலாம், தடுக்கக் கூடாது. வாசல் கம்பி வீட்டுக்காரர் பொறுப்பு. கெடு இரண்டு வாரம். மொத்த உத்தரவும் ஆறு வரியில் முடிந்தது.

தச்சர் வந்து கைப்பிடிகளையும் குழாயையும் மாற்றிப் பிடிகம்பியைப் பொருத்த ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. ஐந்து மாதத்து ராமாயணம், ஒன்றேகால் மணி நேர வேலை. ஓட்டில் ஒரு கீறல் கூட விழவில்லை. ஆய்வாளர் பக்கத்திலேயே நின்று, "மட்டம் பாருப்பா, மட்டம் பாரு" என்றார். தச்சர் திரும்பாமலே, "வெளிச்சத்தை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றார். வாசல் கம்பியும் வந்தது. அதை முதலில் பிடித்துக்கொண்டு இறங்கியவர் ஆய்வாளர்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் அவருடைய பழைய சகா ஒருவர் வந்திருந்தார். ஆய்வாளர் கம்பியைத் தடவியபடி, "கீழ் வீட்டம்மாவுக்குக் கை கால் சரியில்ல. மனசு கேட்கல. நானே முன்ன நின்னு எல்லாம் செஞ்சு கொடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்குக் கிளம்பிய கட்டிங் அக்கா படியில் நின்றாள். "ஆமாங்க. சார் ரொம்பக் கீழ்ப்படிதல் உள்ளவர். தீர்ப்பாயத்துல ரெண்டு வாரம் கெடு குடுத்தாங்க. பதிமூணாம் நாளே செஞ்சுட்டாரு."

சகா விழுந்து விழுந்து சிரித்தார். ஆய்வாளருக்கு அவசரமாக மாடியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

வலி என்னவோ போகவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், சில வாரம் பரவாயில்லை, சில வாரம் சீப்பைப் பிடிக்கக்கூட நாத்தனார் வேண்டும். ஆனாலும் நாத்தனாருக்கு மதியப் பணி விழுந்த ஒரு நாளில் கட்டிங் அக்கா குளியலறைக் கதவைச் சாத்தி, தாழிட்டு, பிடிகம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"அண்ணி, இன்னும் எவ்வளவு நேரம்? எனக்காக பஸ் நிக்காது!"

"நீ இல்லாம அது எப்படிடி கிளம்பும்?" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு குவளை மொண்டு ஊற்றினாள்.