பச்சை வட்டத்துக்குள் அஞ்சம்மாள்

"அங்க யாராவது செத்திருக்காங்களாம்மா?"

"இல்ல சார்."

"பிரசவத்துல, பஸ்ஸுல போற வழியில, இப்பிடி ஏதாவது? மூணு வருஷ ரெக்கார்டு பாத்தியா?"

"பாத்தேன் சார். எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க."

"அப்புறம் என்ன. பச்சையே இருக்கட்டும்."

1

இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது வினோதாவிடமிருந்து. 2007இல் புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில் குடியிருந்தோம். மருத்துவ வசதி எந்த ஊருக்கு எட்டுகிறது, எதற்கு எட்டவில்லை என்று வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. கேள்வி கேட்டவர் அவளுடைய அதிகாரி தட்சிணாமூர்த்தி. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள். நான் என் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு"

அடித்துவிட்டேன். நடந்தது மே மாதம். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான், வெயில் காலத்திலும் பனி இறங்கும்.

இரண்டாவது தொடக்கம்: "கையில் ஜிபிஎஸ் கருவியோடு வினோதா பஸ்ஸிலிருந்து இறங்கினாள்." இது இருக்கட்டும்.

2

இறங்கிய இடம் சேதராப்பட்டுக்கு அப்பால், ஏரிக்கரையில் நாற்பது வீடுகள். (அந்த இடத்தின் பெயரை எழுதமாட்டேன். அலுவலக வரைபடத்தில் அது வெறும் எண்தான்.)

அலுவலகத்தின் முறை எளிது. ஒவ்வொரு சுகாதார நிலையத்தையும் நடுவில் வைத்து ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். உள்ளே இருக்கும் ஊர் பச்சை, வெளியே இருப்பது சிவப்பு. நர்ஸோடு வாரம் ஒரு முறை வரும் மருத்துவ வேன் சிவப்பு ஊர்களுக்கு மட்டும் போகும். இந்த நாற்பது வீடுகளுக்கு நாலரை கிலோமீட்டர்தான். ஏரிக்கு மேலே பறந்தால்.

பாதை வழியாக அளக்கலாமே என்று கேட்பீர்கள். பாதை புதுச்சேரியை விட்டு வெளியேறி, தமிழ்நாட்டு ஊர்கள் இரண்டைத் தாண்டி, திரும்பவும் புதுச்சேரிக்குள் வருகிறது. எங்கள் நிலம் அப்படித்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அலுவலகக் கணினியிலோ எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் வெள்ளை. பாதை எல்லையில் அறுந்து நிற்கும். அறுந்த பாதையை யார் அளப்பது? வட்டம் போட்டுவிட்டார்கள்.

3

அஞ்சம்மாள் எட்டு மாதக் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறுகிறது, வாராவாரம் வந்து காட்டு என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரமாக அவள் போகவில்லை. வினோதா வரைபடத்தை அவள் முன்னால் விரித்தாள்.

"இந்தப் பச்சைக்குள்ளதான்க்கா நீங்க இருக்கீங்க. ஆஸ்பத்திரி கிட்டன்னு அர்த்தம். செவப்பா இருந்தாத்தான் வேன் வரும்."

"எந்தப் பக்கமா கிட்ட?"

வினோதா ஏரியின் குறுக்கே விரலால் கோடு இழுத்தாள்.

"இந்த வவுத்த வச்சிக்கினு நீஞ்சிப் போவச் சொல்றாரா உங்க சாரு?" அஞ்சம்மாள் கணவன் பக்கிரியைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ், கேட்டியா?"

"நீ எறங்குனா கரை ஒடைஞ்சி ரெண்டு ஊரு முழுவிப்போவும்" என்றான் பக்கிரி. "அப்பவாவது சேப்பு அடிப்பாங்க."

மறுநாள் வினோதா அவளோடு கிளம்பினாள். இரண்டு பஸ், நடுவில் நிழலில்லாத காத்திருப்பு, கடைசியில் நடை. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாததால் அஞ்சம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டாள். கருவி வழி நெடுகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தது. போய்ச் சேர இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம்.

4

கதை என்னிடம் ஒன்று கேட்டது இங்கேதான். மூன்றாவது வரைவில் இப்படி எழுதினேன்: "அடுத்த வாரம் இரண்டாவது பஸ்ஸுக்காக நின்றபோது அஞ்சம்மாளுக்கு வலிப்பு"

நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. உங்கள் கண் கலங்கியிருக்கும், தட்சிணாமூர்த்தி தலைகுனிந்திருப்பார். ஆனால் அவர் கேட்டதும் இதைத்தானே? ஒரு சாவைக் கொண்டு வா, சிவப்பு தருகிறேன் என்கிறார். நானும் அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அதையே கேட்கவேண்டுமா? மாட்டேன். ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற அவளைக் கொல்லமாட்டேன். கதை சப்பென்று போனால் போகட்டும்.

இன்னொரு முடிவும் வைத்திருந்தேன். வேன் வருகிறது, பெண் குழந்தை பிறக்கிறது, அதற்கு வினோதா என்று (வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

தட்சிணாமூர்த்தியை வில்லனாக்கவும் பார்த்தேன். முடியவில்லை. அவரிடம் இருப்பது ஒரே வேன். அவர் தன் பையில் சோற்று டப்பாவோடு அந்த வேனின் ரிப்பேர் பில்லையும் சுமந்துகொண்டு அலைகிறவர்.

5

வினோதா கணினியில் வெள்ளையாக இருந்த இடத்தில் பாதையைச் சேர்த்தாள். வட்டத்தை அழித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்ச் சேர முடிகிற ஊர்களை மட்டும் பச்சையாக்கினாள். வந்த வடிவம் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. நாற்பது வீடுகளும் சிவப்பில் நின்றன.

"எல்லைக்கு வெளிய நாம ரோடு போடக் கூடாதும்மா. அது தமிழ்நாடு."

"நாம எங்க சார் போட்டோம்? அங்க பஸ்ஸு ஓடுது. அதத்தான் காட்டியிருக்கேன்."

"ஏற்கெனவே ஒரு வேனுக்குப் பதினேழு ஊரு. இன்னொண்ண சேத்தா அடுத்தவன் வந்து நிப்பான்."

"நிக்கட்டும் சார்."

"எழுத்துல காரணம் இல்லாம மாத்த முடியாது. பழசையே பிரிண்ட் எடு. இன்னிக்கி ஃபைல் போவணும்."

வினோதா பழையதையே எடுத்து வந்தாள். பச்சைக்குள் அந்த நாற்பது வீடுகளின் ஓரத்தில் எழுதினாள்: அஞ்சம்மாள், எட்டு மாதம், ரத்த அழுத்தம், இரண்டு மணி பத்து நிமிஷம். தாளை அவர் பக்கம் திருப்பி, பேனாவை மேலே வைத்தாள்.

(அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவருடைய நாற்காலியில் கொஞ்ச நேரம் நீங்கள் உட்காருங்கள்.)

"இது பச்சைதான்னு எழுதி, கீழ உங்க பேரைப் போட்டுக் குடுங்க சார்."