அரை மணி நேர இரைச்சல்

"டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியா வெட்டிக் கண்ணுல ஒட்டறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?"

"சிரிக்காதீங்கம்மா, ஒட்டு விட்டுடும்," என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

சாய்வு நாற்காலியில் கிடந்தவளை அந்த உளவியல் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றே கூப்பிட்டார்கள். தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம், காட்சி எதுவும் இல்லை. தங்கை மகன் ஞாயிறுதோறும் ஃபோன் செய்வான். "சாப்பிட்டீங்களா பெரியம்மா? சரி, வெச்சிடறேன்." அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு முட்டைகூட வேகாது.

நூலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வந்திருந்தாள். கண்மேல் பாதிப் பந்துகள், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு, காதில் ஒரே சீரான இரைச்சல். பார்க்கவும் கேட்கவும் ஒன்றும் கிடைக்காமல் அலுத்துப்போன மூளை, தானே காட்சிகளையும் குரல்களையும் உண்டாக்கிக்கொள்ளுமாம். வருவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆராய்ச்சிப் பெண் கேட்டு எழுதிக்கொள்வாள், குரலையும் பதிவு செய்துகொள்வாள். செவ்வாய்தோறும் அரை மணி நேரம், ஆறு வாரம். ஏதாவது வருகிறவர்களை மேலும் ஒரு வருடம் வைத்துக்கொள்வார்கள். மூன்று வாரம் ஒன்றுமே வராவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

முதல் இரண்டு வாரமும் எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. கோளாறு காதில் இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அவளுக்கோ திறந்து கிடக்கும் லைன். யாரோ இப்போது பேசப்போகிறார்கள் என்று அரை மணியும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். காவல் காக்கிறவளுக்குக் கனவு எங்கிருந்து வரும்?

மூன்றாவது வாரம் அவளே வாயைத் திறந்தாள். "ஒரு வெள்ளைக் குதிரை தெரியுது."

"ம், சொல்லுங்கம்மா."

அந்தச் 'சொல்லுங்கம்மா'வில்தான் விழுந்தாள். குதிரை படியேறியது. அடுத்த வாரத்துக்கு ஒரு படகு, அதற்கடுத்த வாரத்துக்குக் குடை விற்கும் மீன்காரி. எல்லாம் வீட்டில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவை.

ஆறாவது வாரம் ஆராய்ச்சிப் பெண் பந்துகளை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க பதிவை எல்லாம் புரொஃபசர் கேட்டாரும்மா."

"நல்லா இருக்காமா?"

"ரொம்ப நல்லா இருக்காம். அதான் வம்பு. மத்தவங்களுக்கு வர்றது துண்டு துண்டா வரும், தலையும் இருக்காது வாலும் இருக்காது. உங்க குதிரை ஒழுங்கா படியேறி, கதவைத் திறந்து, உள்ள போய்ப் படுத்துக்குது."

"ஏறின அலுப்பு இருக்காதா அதுக்கு?"

பெண் சிரிக்கவில்லை. "ஏம்மா இப்படி?"

"ஒண்ணும் தெரியலன்னா அனுப்பிடுவேன்னியே."

"அனுப்பினா என்ன? வீட்ல நிம்மதியா இருக்கலாமில்ல?"

"நிம்மதிக்கு என்ன, அது நிறையவே கிடக்கு," என்றாள் எக்ஸ்சேஞ்ச் அம்மா, கைப்பையின் வாரை நீவிக்கொண்டு.

பெண் பந்துகளைக் கையில் எடுத்தாள். "பழைய பதிவை எல்லாம் நீக்கிட வேண்டியதுதான். இன்னைக்கு ஒரு தடவை பாக்கி இருக்கு. நிஜமாவே ஏதாவது வந்தா சொல்லுங்க. மேல ஒரு வருஷம் வெச்சுக்கச் சொல்லி நான் அவர்கிட்ட பேசிப் பார்க்கறேன்."

பந்துகள் கண்மேல் ஏறின. சிவப்பு விளக்கு எரிந்தது. இரைச்சல் தொடங்கியது. இனி எங்கே வரப்போகிறது என்று அவள் காதைத் தளர விட்டாள். காத்திருக்காமல் அந்த நாற்காலியில் கிடந்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு ஆழமாகிக்கொண்டே போனது. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தெரியவில்லை. கைகள் இருந்த இடத்தில் கைகள் இல்லை. எங்கோ மேஜை விளிம்பில் வளையல் தட்டியது. ஈரத்தலை வாசம். 'நூத்தி நாப்பத்தி...' என்று ஓர் எண் பாதியில் அறுந்தது.

"மூக்கை உறிஞ்சாதேடி. லைன்ல கேக்குது."

எக்ஸ்சேஞ்சில் இடப்பக்கத்து இருக்கைக்காரி. பத்தொன்பது வருடம் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்தவள். செத்துப் பதினோரு வருடமாகிறது. முகத்தை எப்போது நினைத்தாலும் வந்துவிடும். குரல் மட்டும் எவ்வளவு முட்டினாலும் வந்ததில்லை. இப்போது காதோரத்தில், சளி கட்டிய அதே கரகரப்பு.

"தள்ளி உக்காரேன், தடிச்சி."

"அம்மா, ஏதாவது வருதா?" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து ஆராய்ச்சிப் பெண் கேட்டாள்.

கரகரப்பு ஓர் அடி பின்வாங்கியது. ஆனால் போய்விடவில்லை. சொன்னால் ஒரு வருடச் செவ்வாய்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு வாய் திறந்தேவிட்டது. குதிரையைச் சொன்ன வாய். இவளையும் சொன்னால் அங்கே பேனா ஓடும். புரொஃபசர் போட்டுக் கேட்டு, இது அசலா போலியா என்று பார்ப்பார்.

"இல்ல," என்றாள், மூச்சு அதிராமல். "ஒண்ணும் தெரியல."

"சரிம்மா." பெண்ணின் குரல் இறங்கியிருந்தது. "இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. நிறுத்திடட்டுமா?"

"வேணாம். முழுசா முடியட்டும்."

பன்னிரண்டு நிமிடமும் இடப்பக்கத்துக்காரி திட்டினாள். ஹெட்போன் வயர் சிக்கினதற்கு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து போட்டதற்கு, லீவு சொல்லாமல் நின்றதற்கு. விளக்கு அணைந்தபோது அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள்.