கூப்பிட்டவர்தான் குறைக்க வேண்டும்

பாதிவிலை அக்காவின் மானத்துக்கு அன்று மாலைச் சந்தை நிலவரம், கம்பி ஒன்று முறிந்த கறுப்புக் குடை. அதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள். அதற்குக் கீழே அவளும் விற்கமாட்டாள்.

அவள் லாண்டரிக் கடைக்காரி. எதன் விலையைக் கேட்டாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவாள் என்பதால் அந்தப் பெயர். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை, ஊரே அப்படித்தான். வீட்டுக்கு ஒரு கடை இருக்கும் வியாபார ஊர். சொன்ன விலையைக் கொடுத்துப் பொருள் வாங்கிவந்தவனை, காய்ச்சலோ என்று வீட்டில் தொட்டுப் பார்ப்பார்கள்.

பேரத்துக்கு அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விலை படியாவிட்டால் வாங்க வந்தவர் எழுந்து நடக்க வேண்டும். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டால், கூப்பிட்டவர் குறைக்க வேண்டும். கூப்பிடாமல் இவரே கடைக்குத் திரும்பிப் போனால், வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டம் தெரியாத ஒரே ஆள், ஊருக்குக் கடன் கொடுக்க வந்திருந்த வங்கி அதிகாரி.

கடன், குடிநீர்க் குழாய்களை மாற்றுவதற்கு. ஊரின் மூத்த கிழவரைவிட மூத்த குழாய்கள். மேட்டுத் தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடும். மீதி, துருவைக் கரைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் வீடு வந்து சேரும். டீக்கடைக்காரர் மட்டும்தான் இதுவரை புகார் எழுதாதவர்.

அக்காவுக்கு வந்த ஆபத்து வெள்ளை நிறத்தில் வந்தது. கடையின் சோறு முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில்தான் இருந்தது. வெள்ளையாகப் போனவை மஞ்சளாகத் திரும்பின. படுத்திருப்பவருக்குக் காமாலையா, விரிப்புக்குக் காமாலையா என்று டாக்டர்களே குழம்புகிறார்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் இரண்டு முறை மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை திரும்பினால் வேறு லாண்டரி. லாரித் தண்ணீர் வாங்கித் துவைத்தால் கூலி லாரிக்கே போய்விடும். ஆகவே கடன் வந்தே தீர வேண்டும். ஆனால் சொன்ன விலைக்கா? அது எப்படி?

நகராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. எட்டுக் கோடி, இருபது வருடம், ஏழே முக்கால் சதவீத வட்டி, வீட்டுக் குழாய் ஒன்றுக்கு மாதம் நூற்றொன்பது ரூபாய் கூடும் என்று அதிகாரி நிதானமாக விளக்கினார். நல்ல மனிதர், கேள்வி கேட்டவரின் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். கேள்விகளும் வந்தன. வீட்டுக்காரர் இதை வாடகையில் ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்றாள் வாடகைக்குக் குடியிருக்கும் தையல்காரி. பணத்தைக் காண்ட்ராக்டர் குடித்துவிட்டால் நாங்கள் எதைக் குடிப்பது என்றார் பூட்டுக்கடைக்காரர். நகராட்சித் தலைவரம்மா ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார்: வாடகைக்கு வரம்பு உண்டு, செலவுக் கணக்கு மாதாமாதம் பம்ப் அறைச் சுவரில் ஒட்டப்படும்.

பிறகு மளிகைக்கடைப் பெரியவர் எழுந்தார்.

“எனக்கு எழுபத்தெட்டு வயசு தம்பி. இருபது வருஷத் தவணைன்றீங்க. நடுவுல நான் கிளம்பிட்டா?”

“உங்க பேரன் அந்தத் தண்ணியத்தானே குடிப்பான் ஐயா. அவன் கட்டுவான்.”

“அவனா? என்கிட்ட வாங்கினதையே இன்னும் கட்டல.”

கூடம் சிரித்து ஓய்ந்தபோது பயமெல்லாம் கரைந்து வட்டி ஒன்றுதான் பாக்கி நின்றது. எல்லாக் கண்களும் அக்காவிடம் திரும்பின. அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

“ஏழே முக்கால்ல பாதி எவ்வளவு தம்பி வரும்?”

அதிகாரி அதைக் கணக்குக் கேள்வி என்றே நினைத்தார். “மூணு புள்ளி எட்டு ஏழு அஞ்சும்மா.”

“சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அதுலயே முடிச்சுக்கலாம்.”

“இது வங்கிம்மா. இங்க விலை பேசறதில்ல.”

கோயிலில் கெட்ட வார்த்தை கேட்டதுபோல் கூட்டம் மூச்சை இழுத்தது. “அப்ப வர்றோம்” என்று அக்கா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் கூடமே எழுந்து, காதைப் பின்னால் விட்டுவிட்டுக் காலை மட்டும் முன்னால் எடுத்துவைத்து, மெல்ல வெளியே நடந்தது.

யாரும் கூப்பிடவில்லை. உள்ளே காகிதங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எண்ணி, அந்த நல்ல மனிதர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

“கூப்பிடலியே” என்றார் அக்காவின் கணவர். இஸ்திரிப் பெட்டியோடு பழகியவர். சூடு ஏறினாலும் குரல் ஏறாது.

“கூப்பிடுவாரு. நடங்க.”

“கேட் வந்துடுச்சும்மா. இதுக்கு மேல நடந்தா வீடுதான்.”

மூன்றாவது மூட்டை அக்காவின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. ஊரைக் கிளப்பி வந்தவள் அவள். இப்போது கடையை இழக்கப் போகிறவளும் அவள்தான். இருந்தாலும் கையில் ஒரு துருப்புச் சீட்டு வைத்திருந்தாள். நாற்காலிக்கு அடியில் குடையை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்தாள். மறந்த பொருளை எடுக்கப் போவது சட்டப்படி திரும்பிப் போவதாகாது. போகிற சாக்கில் பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம்.

“அடடா, குடைய விட்டுட்டேனே” என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

“என் கண்ணாடி!” என்றார் பூட்டுக்கடைக்காரர் அதே மூச்சில். தையல்காரி தன் பையை மறந்திருந்தாள். மருந்துக்கடைக்காரரின் ஒரு காலில் செருப்பில்லை. மளிகைப் பெரியவர் வாயைத் திறந்து காட்டினார். பல் செட்டையே வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மறந்தால் மறதி. ஊரே வரிசையாக உள்ளே போனால் அதற்குப் பெயர் சரணாகதி. நீ போ, நீங்க போங்க என்று கேட்டருகே தள்ளுமுள்ளு நடந்தது. யாரும் போகவில்லை.

அப்போது படியில் அதிகாரி தோன்றினார். இரண்டு கக்கத்திலும் குடைகள், கழுத்தில் பைகள், சட்டைப் பையில் கண்ணாடிகள், விரல் நுனியில் ஒற்றைச் செருப்பு, மறு கையில் காகிதத்தின் மேல் பெரியவரின் பற்கள்.

“அம்மா! ஐயா! எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க, இங்க வாங்க!”

பெரியவர் பல்லில்லாமல் முழுசாகச் சிரித்தார். அக்கா அவசரமே இல்லாமல் திரும்பினாள்.

“கூப்பிட்டீங்களா தம்பி?”

“ஆமாம்மா, இதெல்லாம் உள்ள…”

“கூப்பிட்டீங்கல்ல? குறைங்க.”

தலைவரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டத்தை விளக்கினார். அதிகாரி பற்களைப் பார்த்தார், பற்களுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்து அவரும் சிரித்தார். குழாய் இணைப்பு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தவணைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் வட்டியில் கொஞ்சம் இறங்க மேலிடம் இடம் கொடுத்திருப்பதாகவும், இத்தனை பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று தாம் எண்ணவில்லை என்றும் சொன்னார். கால் சதவீதம் குறைக்கலாம் என்றார். அக்கா ஒன்றரை என்றாள். அரைக்கு வந்து நின்றது.

ஆனால் ஆள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார். நடுவில் அவரே இரண்டு முறை எழுந்து கார் பக்கம் நடந்தார். இரண்டு முறையும் கூப்பிட்டது அக்கா. அதனால் தவணைத் தேதி பத்திலிருந்து ஐந்துக்கு வந்தது; முதல் மூன்று மாதம் தவணை வேண்டாமென்று கேட்டது அடிபட்டுப் போனது. தோற்ற இரண்டு பேரத்தையும் அவள் வீட்டில் ஜெயித்ததுபோலவே சொல்லிக் கொண்டாடினாள். இருட்டுவதற்குள் படியிலேயே கையெழுத்துகள் முடிந்தன.

அவர் போன பிறகு படியில் ஒரு பேனா கிடந்தது. அக்கா தொலைபேசியில் சொன்னாள். “மறந்துட்டேன்மா. தண்ணி வந்ததும் நானே வந்து எடுத்துக்கறேன்” என்றார். அந்த ஊரில் யாரும் தவறிப்போய் மறப்பதில்லை என்பது அக்காவுக்குத் தெரியாதா?

தெருக்களைத் தோண்டினார்கள், கடைகளெல்லாம் தூசியில் குளித்தன, காண்ட்ராக்டரை எல்லோரும் முறை வைத்துத் திட்டினார்கள். அத்தனை நாளும் அக்கா கூலியை லாரிக்கே கொடுத்து ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்தாள். ஒரு காலை, லாண்டரித் தொட்டியில் அடித்தரை தெரிந்தது. அக்கா கையை விட்டுப் பார்த்தாள்; விரலில் இருந்த மோதிரம் தண்ணீருக்குள் பளிச்சென்று தெரிந்தது. “ஏங்க, இங்க வந்து பாருங்க” என்றாள். கணவர் வந்து பார்த்துவிட்டு, தொட்டியைவிட அதிக நேரம் அவளைப் பார்த்தார்.

அன்றிரவு இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டு அவள் ஒப்பித்த கணக்கு: வட்டி இறங்கியதில் குழாய்க்கு மாதம் நாலு மிச்சம். குடைக்குக் கம்பி போட்டது நாற்பது. ஆகப் பத்து மாதம் கழித்துத்தான் லாபம். லாரித் தண்ணீர்ச் செலவு, இனி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன மூட்டை ஒன்று, திரும்பி வந்தது இல்லை. அதிகாரிக்குத் தர வேண்டிய பாக்கி, பேனா ஒன்று, தண்ணீர் ஒரு தம்ளர்.