சைலன்சர் பெயின்ட்

அப்பாவின் பழைய வேனுக்கு மறுநாள் காலை தகுதிச் சோதனை. அதில் தேறாவிட்டால் வண்டி ஓடாது, அப்பாவுக்கும் வேலை இருக்காது. முன்சக்கரங்களில் பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் காலிப்பர்கள் துருவேறிக் கிடந்ததால் அப்பாவும் நானும் பெயின்ட் வாங்கப் போனோம்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். “இது ரெண்டையும் கலந்து அடிங்கண்ணே. பிரேக் ஆயில் பட்டாலும் அசையாது. காய ஒரு நாள் ஆகும்.”

“சோதனை முடிஞ்சப்புறம் காய்ஞ்சு என்ன, கண்காட்சியிலயா வைக்கப்போறேன்?” அப்பா சைலன்சர் பெயின்டை எடுத்தார். “சைலன்சர் சூட்டையே தாங்குது, பிரேக் எம்மாத்திரம்?”

நன்றாகச் சூடேறினால்தான் இறுகும் என்று டப்பாவின் பின்னால் போட்டிருந்தது. “அப்பா, இதுல...” என்றேன்.

“ஒம்பதாங்கிளாஸோட நின்னவ எனக்குப் பாடம் எடுக்கிறா பாருங்க!”

கடைக்காரரும் சிரித்தார். நான் டப்பாவைப் பையில் போட்டேன்.

சாயங்காலம் இரண்டு காலிப்பர்களும் வெள்ளியாக மின்னின. அப்பா கீழே குனிந்துகொண்டு, “பிரேக்கை மிதிம்மா. இன்னும் அழுத்தி” என்றார். மிதித்தேன். கீழே ஏதோ டப்பென்று வெடித்தது.

இறங்கிப் பார்த்தேன். இடது காலிப்பரில் பெயின்ட் பால் ஆடையைப் போலச் சுருங்கி உரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ரப்பர் குழாய் வெடித்து, பிரேக் ஆயில் சொட்டியது. இந்தப் பழைய மாடலுக்கு அந்தக் குழாயைச் சொல்லி வைத்தால் வர ஒரு வாரமாகும்.

அப்பா துணியால் துடைத்தார். மறுபடியும் சொட்டியது.

“பிரஷ்ஷை எடு.”

“ஒழுகுதேப்பா.”

“தெரியுதும்மா. எடு.”

கொடுத்தேன். ஈரத்தில் பெயின்ட் ஒட்டவில்லை. அப்பா அடித்துக்கொண்டே இருந்தார்.