நாலு இருபது பஸ்

இஸ்திரிப் பெட்டி சட்டைப் பையின் மேல் ஏறியதும் உள்ளே ஏதோ மொடமொடத்தது. மகள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியின் மேலும் பெட்டி வைத்ததில்லை. இன்றைக்கு மறந்துவிட்டாள்.

நாலாக மடித்த சீட்டு. அவளே எழுதிக் கொடுத்தது. போக: 8.05, 9.40, 11.15. திரும்ப: 4.20. மறந்துவிடக் கூடாதென்று அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"என்னடி அது?" அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா சீட்டைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். "பெட்டி சுடுது. கைய எடு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மகள் சீட்டை அதே மடிப்பில் மடித்து, அதே பைக்குள் வைத்தாள். பூங்காவுக்குப் போட்டுக்கொண்டு போகிற, நேற்றும் போட்டிருந்த சட்டையையே அப்பாவுக்குப் போட வேண்டும் என்று சொன்னது அம்மாதான்.

அப்பா ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் இயக்கியவர். ஓய்வு பெற்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். "முப்பத்தோரு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே பக்கவாட்டுல போகப்போறேன்."

போனது மிருகங்களைப் பார்க்க. நகரத்துப் பெரிய மிருகக்காட்சிசாலை அவருக்கு ஆகாது. பத்து மான், ஒரு நீர்நாய், கிழட்டுக் கரடி ஒன்று என்று எங்கேயோ வயல்களுக்கு நடுவே கிடக்கிற பூங்காக்கள்தான் வேண்டும். "கூண்டுக்குள்ள நின்னவனுக்குத்தான் கூண்டுக்குள்ள நிக்கிறவன் கஷ்டம் தெரியும். யாரும் வராத எடத்துக்கு நாலு பேர் போகணும்ல?"

"நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்," என்பான் அண்ணன்.

"கார்ல போனா மிருகத்த மட்டும்தான் பாக்கலாம். பஸ்ல போனா மனுசனையும் சேத்துப் பாக்கலாம்."

பஸ் கோர்ப்பது மகளின் பொறுப்பு. மாதம் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கால அட்டவணைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருவரும் உட்காருவார்கள்.

"எட்டு அஞ்சுக்கு ஏறினா, ஒன்பதரைக்கு எறங்கிருவீங்க. அடுத்தது ஒன்பது நாப்பது."

"பத்து நிமிஷந்தானா? என் முட்டி கேக்காதே."

"முட்டிய வீட்ல வச்சிட்டுப் போங்க."

"சரி, அத விட்டா?"

"அத விட்டா மத்தியானந்தான். கரடி தூங்கிரும்."

அப்பாவும் மகளும் வேறு எதைப் பற்றியும் இவ்வளவு பேசியதில்லை.

நேற்று ராத்திரி, பஸ் ஸ்டாப்பிலேயே அப்பா போய்விட்டார் என்று செய்தி வந்தபோது அவள் முதலில் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். 4.20க்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பள்ளி நாட்களில் மட்டும். பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கியது நேற்று.

மாரடைப்பு, வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் என்றால் பக்கத்தில் ஆள் இருந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

"வயசானவர ரெண்டு மணி நேரம் ரோட்ல உக்கார வச்சிருக்கானுங்க!" அண்ணன் காலையிலிருந்து போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தான். "பஸ்காரன சும்மா விடமாட்டேன். யாரோ ஒருத்தன் பதில் சொல்லித்தான் ஆகணும்."

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவனருகே போய் நின்றாள். "என்ன, நாற்காலி பத்தலையா?" என்றான் அவன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மதியம் பச்சைச் சீருடையில் ஒருவர் வந்தார். கையில் அப்பாவின் ஃபிளாஸ்க். அந்தப் பூங்காவில் கரடியைப் பார்த்துக்கொள்கிறவர். மூன்று பஸ் மாறி வந்திருந்தார். படுத்திருந்தவரின் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினார். "கழுவிட்டேன்மா."

"உக்காருங்க. நீங்கதான் கடைசியாப் பாத்தீங்களாமே," என்றான் அண்ணன்.

"ஆமா சார். நாலு மணிக்கு ஸ்டாப்புக்குக் கெளம்புனாரு. நான் சொன்னேன், 'அய்யா, இன்னைக்கு லீவு, நாலு இருபது வராது. சைக்கிள்ல ஏறுங்க, மெயின் ரோட்டுல விடுறேன்'னு. சிரிக்கிறாரு. பையிலருந்து ஒரு சீட்ட எடுத்துக் காட்டுனாரு." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "'எம் மக எழுதிக் குடுத்தது. பதினோரு வருஷத்துல ஒரு பஸ் தப்பினதில்ல. நீ கரடியப் பாரு, பஸ்ஸ அவ பாத்துக்குவா'ன்னாரு."

அம்மா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் தீனி வைக்கப் போயிட்டேன். போன் பண்ணவும் முடியாது, அங்க சிக்னல் எடுக்காது. ஆறரைக்குக் கேட்டப் பூட்டிட்டு வந்தா, நிமிந்து உக்காந்திருக்காரு. ரோட்டப் பாத்த மாதிரியே. 'என்னய்யா, வந்துச்சா உங்க பஸ்ஸு'ன்னு கேலியாக் கேட்டேன்." அவர் நிறுத்தினார். "கேட்டிருக்கக் கூடாது."

"எந்தச் சீட்டு?" அண்ணன் மெல்லத் தங்கையின் பக்கம் திரும்பினான். "அது எங்க?"

அவள் வாய் திறக்குமுன் அம்மா எழுந்தாள். படுத்திருப்பவரின் அருகே போய், சட்டைப் பையை உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டாள்.

"நான் பாத்துட்டேன்டா. காலி."

உள்ளே மொடமொடத்தது. எட்டிப்போய் நின்றிருந்த மகளுக்குக்கூடக் கேட்டது. அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டான். அதற்கப்புறம் பஸ்காரனைப் பற்றி அவன் பேசவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சட்டையோடும் சீட்டோடும் அப்பா போனார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கை கால் கழுவியபோது மணி ஐந்தரை. கரடிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எனக்குத் திரும்பிப் போக பஸ் எத்தன மணிக்குன்னு…"

எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் அறியாமல் பதில் சொன்னார். "அந்தப் பொண்ணத்தான் கேக்கணும். அதுதான் இந்த வீட்டு டைம்டேபிள்."



"ஆறு பத்து," என்றது அவள் வாய். சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க, நானும் வரேன்."

"எதுக்கும்மா? தெருமுனைதானே, நான் போயிக்கிறேன்."

"வாங்க."

ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை.

"கரடி எப்படி இருக்கு?"

"காலையில சாப்பிடல. சில நாள் அப்படித்தான், அதுக்கு ஒண்ணுமில்ல." வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "நீங்க போங்கம்மா. வீட்ல தேடுவாங்க. பஸ் வந்துரும்," என்றார்.

"வரட்டும்."

கம்பத்தில் கண்ணாடிக்குள் அட்டவணை இருந்தது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஆறு பத்து இருந்தது. அதோடு நிற்கவில்லை. கடைசி வரியையும் தாண்டி, சின்ன எழுத்து தொடங்குகிற இடத்துக்கு வந்தபோது முட்டி போட வேண்டியிருந்தது. போட்டாள். கண்ணாடியில் தூசி, முந்தானையால் துடைத்தாள்.

பின்னால் பஸ் வந்து நின்று, கதவு திறந்த சத்தம் கேட்டது. "வந்துருச்சும்மா," என்றார் அவர்.

அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.